ஆறடிப் பள்ளத்தாக்கு

ஜூன் 4

ஒளிப்பதிவாளர் அவர்களுக்கு,

தாங்கள் அனுப்பிய பள்ளத்தாக்கு நேற்று வந்து சேர்ந்தது. ஆறடி நீளம். மாடிப்படி வளைவில் திரும்ப மாட்டேன் என்று அடம்பிடித்தது. கூரியர்காரர் கீழேயே சுவரில் சாய்த்துவிட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டு நழுவிவிட்டார். உன் மாமாவும் கீழ்வீட்டுக்காரரும் தலைக்கு மேலே தூக்கிப் பார்த்தார்கள், சாய்த்துப் பார்த்தார்கள், கடைசியில் படிக்கட்டின் கைப்பிடிக் கம்பியைக் கழற்றித்தான் மேலே கொண்டுவந்தார்கள். மாமா நெற்றியில் இப்போது ஒரு மலை இருக்கிறது. வந்து அதையும் படம் பிடித்துக்கொள்.

போனில் திட்டலாம் என்றால் நான் இரண்டாவது வாக்கியத்துக்குப் போவதற்குள் "அக்கா, இங்க சிக்னல் இல்ல" என்பாய். அதனால்தான் எழுதுகிறேன். காகிதத்துக்கு சிக்னல் தேவையில்லை.

கூடவே ஒரு சீட்டு வைத்திருந்தாய். 'ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவரும் தண்ணிக் குழாயும்தானே தெரிகிறது, இது எங்கள் சினிமாவில் வருகிற காட்சி, பெரிதாக்கிப் பலகையில் ஒட்டியிருக்கிறேன், அப்பா கட்டிலுக்கு எதிரே மாட்டு, பார்த்தால் மனசு லேசாகும்' என்று. அப்பாவுக்கு மனசு லேசாகத்தான் இருக்கிறது. கனப்பது வலது கையும் வலது காலும். இரண்டும் சொன்ன பேச்சு கேட்பதில்லை. சொல்ல நினைப்பதில் பாதிதான் வாயிலிருந்து வெளியே வருகிறது.

படத்தை மூக்கு ஒட்டப் பார்த்தேன். சரிவில் ஒரு ஒற்றையடிப் பாதை. பாதையில் ஒரு புள்ளி. புள்ளிக்கு நீலச் சட்டை. அந்தச் சட்டையை நான்தான் இஸ்திரி போட்டு மடித்துப் பெட்டியில் வைத்தேன். அது அப்பாதானே?

மார்ச் மாதம் அவர் இந்த வீட்டுப் படியில் தன் காலால் இறங்கிப் போய் உன் காரில் ஏறினார். "பையன் ஷூட்டிங் பார்க்கப் போறேன்"னு கீழ்வீடு, எதிர்வீடு, பால்காரர் ஒருத்தரையும் விடாமல் சொல்லிவிட்டுப் போனார். நீ திரும்பி வந்தபோது பின் சீட்டில் படுத்திருந்தார். ஆஸ்பத்திரி வாசலில் வைத்து என்ன ஆச்சு என்று கேட்டேன். "அலைச்சல்க்கா, வயசாச்சுல்ல" என்றாய். நம்பினேன். நீ கொஞ்ச நாள் இருந்துவிட்டு, வேலை பாக்கி இருக்கிறது என்று போய்விட்டாய்.

நேற்று அப்பாவிடம் படத்தைக் காட்டி, "இதுல ஏறினீங்களாப்பா?" என்றேன். "மறுபடி" என்றார். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு "மறுபடி". அதற்கு மேல் வரவில்லை. எத்தனை மறுபடி என்று நீ சொல்.

உன் பள்ளத்தாக்கைச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்திருக்கிறேன்.

உன் அக்கா

ஜூன் 11

அக்கா,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். 'தாங்கள்' என்று எழுதியிருக்கிறாய் பார், அங்கேயே எனக்குப் பற்றிக்கொண்டது.

கேட்டுவிட்டாய், சொல்கிறேன். அந்தச் சரிவில் ஏற வேண்டிய நடிகர் முந்தின நாள் கால் பிசகிப் படுத்துவிட்டார். தூரத்தில் தெரியும் உருவம்தான், முகம் தெரியப்போவதில்லை, யாரை வேண்டுமானாலும் ஏற்றலாம் என்றார் டைரக்டர். அப்பா பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். "நான் ஏறட்டாடா?" என்று அவர்தான் கேட்டார். அவர்தான். நான் கட்டிப்போட்டு இழுத்துப் போகவில்லை.

கொஞ்சம் யோசித்துப் பார். அந்த மலைப்பாதையில் வாழ்நாள் பூராவும் பஸ் ஓட்டினார். ஒவ்வொரு வளைவிலும் பின்னாலிருந்து "அய்யோ, அங்க பாரு!" என்று சத்தம் வரும். அத்தனை பேரும் ஒரு பக்கமாகச் சாய்வார்கள். அவர் மட்டும் திரும்ப மாட்டார். திரும்பினால் வண்டி போய்விடும். ஊரையே கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாரே தவிர, அவர் ஒரு நாள் பார்த்ததில்லை. அந்த மனுஷனை ஒரே ஒரு தடவை அந்தக் காட்சிக்கு உள்ளேயே நிறுத்த வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. தப்பா?

நான்கு தடவை ஏறினார். இரண்டாவதில் மேகம் மறைத்தது. மூன்றாவதில் ஆட்டு மந்தை உள்ளே வந்துவிட்டது. நான்காவதுதான் படத்தில் இருக்கிறது. அது எப்படி வந்தது தெரியுமா? நான் எதிர்ப்பக்கத்துப் பாறையின் நுனியில் நின்றேன். உதவியாளன் பின்னாலிருந்து என் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டான். ஒரு அடி முன்னால் நின்றால்தான் அடியில் ஆற்றின் வளைவு தெரியும். அந்த வளைவு, அதற்கு மேலே பச்சை, அதற்கும் மேலே மஞ்சள் வெயில், நடுவில் ஊர்ந்து போகும் ஒரு உயிர். மேலே போனதும் ஒரு பாறையில் உட்கார்ந்தார். நான் உட்காரச் சொல்லவே இல்லை. அவராக உட்கார்ந்து அந்தப் பெரிய வெளியைப் பார்த்தார். கடைசியில் பார்த்துவிட்டார் என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஷாட்டை வெட்டாமல் ஓடவிட்டேன்.

உனக்கு இது புரியாது. பெரிய வெளி கண்ணில் பட்டதும் மனுஷனுக்கு மூச்சு தானாக இறங்கும். வீட்டுக் கவலை, ஆபீஸ் சண்டை எல்லாம் தம்மாத்துண்டு ஆகிவிடும். தியேட்டரில் அந்த மாதிரி ஒரு ஷாட் வந்தால் பாப்கார்ன் கொறிக்கிறவன்கூட நிறுத்துவான். அதற்காகத்தான் நான் இந்தத் தொழிலுக்கே வந்தேன். நீ அந்த பஸ்ஸில் எப்போதும் குனிந்த தலையோடு வந்தவள். உனக்கு எங்கே தெரியும்?

அப்புறம் அவராக இறங்கி வந்தார். டீ வாங்கிக் குடித்தார். அதற்கெல்லாம் பிறகுதான் உடம்புக்கு வந்தது. டாக்டரே எப்போது வேண்டுமானாலும் வந்திருக்கும் என்றார். நீ அங்கேதானே நின்றாய்?

இருபதாம் தேதிக்கு முன்னால் உங்கள் ஊரில் தெரிந்தவர்களுக்கு மட்டும் படம் போட்டுக் காட்டுகிறார்கள். மாமாவையும் கூட்டிக்கொண்டு போ. பார்த்துவிட்டுப் பேசு.

தம்பி

ஜூன் 20

டேய்,

குனிந்த தலையோடு வந்தவள்தான். ஏன் குனிந்தேன்? ஜன்னல் சீட்டு உனக்கு, வாந்திப் பை எனக்கு. சின்னவன், அவன் பார்க்கட்டும் என்று எனக்குச் சொல்லப்பட்டது. ஒவ்வொரு வளைவுக்கும் குடல் வாய்க்கு வந்தது. அப்பா ஒன்றையும் பார்க்கவில்லை என்கிறாயே, அவர் தலைக்கு மேலே ஒரு கண்ணாடி இருந்தது ஞாபகம் இருக்கிறதா? அதை என் பக்கம் சாய்த்து வைத்திருப்பார். நேரான ரோடு வந்தால் அதில் என்னைப் பார்ப்பார். "எலுமிச்சம்பழம் மோந்துக்கோ, இன்னும் ரெண்டு வளைவுதான்" என்பார். நீ வெளியே பார்த்துக்கொண்டிருந்தாய். உனக்கு எங்கே தெரியும்?

படம் பார்த்தேன். நீ சொன்னது சரிதான், அந்தக் காட்சி வந்ததும் அரங்கமே கப்சிப். அழகாக இருந்தது, போதுமா? எழுத்தில் கொடுத்துவிட்டேன், சட்டம் போட்டு மாட்டிக்கொள். பின் சீட்டில் ஒரு அம்மா, "வால்பேப்பர் மாதிரி இருக்கு" என்று பக்கத்தில் சொன்னார். மாமா என் கையைப் பிடித்துக்கொண்டார். பிடித்திருக்காவிட்டால் எழுந்து நின்று கத்தியிருப்பேன்.

அப்பா எங்கே உட்கார்ந்தாலும், பஸ் சீட்டோ சோபாவோ கல்யாண மண்டபத்து நாற்காலியோ, துண்டை எடுத்து இரண்டு தட்டு தட்டாமல் உட்கார்ந்து பார்த்திருக்கிறாயா? அம்மா இருந்தவரை இதைச் சொல்லியே கேலி செய்வார். உன் படத்தில் அந்தப் பாறையில் அவர் தட்டவில்லை. நடந்தார், நின்றார், அப்படியே இறங்கிவிட்டார். அது உட்கார்ந்தது இல்லை. விழுந்தது. கீழே பாறை இருந்ததால் உட்கார்ந்த மாதிரி தெரிந்தது. பார்த்துக் கண் கலங்கினானாம், ஓடவிட்டானாம்!

எங்கள் பல் ஆஸ்பத்திரியில் நோயாளி சாய்ந்து படுக்கிற நாற்காலிக்கு நேர் மேலே, கூரையில் ஒரு பனிமலைப் படம் ஒட்டியிருக்கிறது. டாக்டர் ஊசியை எடுக்கும்போது, "மேல அந்த மலையைப் பாருங்க" என்று சொல்வது என் வேலை. எல்லாரும் பார்ப்பார்கள். நன்றாகத்தான் வேலை செய்கிறது. ஆனால் அங்கே வலிக்கிறவருக்கும் பார்க்கிறவருக்கும் ஒரே உடம்பு. உன் படத்தில் அப்பாவுக்கு வலிக்கிறது, டிக்கெட் வாங்கினவனுக்கு மனசு லேசாகிறது.

நாள் முழுக்க நான் பார்க்கிற பள்ளத்தாக்கு ஊரார் வாய். ஒரு சாண் தூரத்திலிருந்து பார்க்கிறேன். யாருக்கு எங்கே வலிக்கிறது என்று அவர்கள் சொல்வதற்கு முன்னால் கண்ணைப் பார்த்தே தெரிந்துவிடும். நீ எவ்வளவு தூரத்தில் நின்றாய்?

டீ குடித்தார் என்கிறாய். எந்தக் கையால் வாங்கினார்?

படம் வெளியே வருவதற்கு முன்னால் அந்தக் காட்சியை எடுத்துவிடு. ஊரே உட்கார்ந்து அப்பா விழுவதை ரசிக்க நான் விட மாட்டேன்.

அக்கா

ஜூன் 26

அக்கா,

எடுக்க முடியாது. போஸ்டரே அந்தக் காட்சிதான். அதை எடுத்தால் படத்துக்கு முதுகெலும்பு இல்லை. டைரக்டரிடம் இதைக் கேட்டால் என்னை வெளியே அனுப்பிவிட்டு வேலையைப் பார்ப்பார். அடுத்த படத்துக்கு ஒருத்தனும் என்னைக் கூப்பிட மாட்டான்.

துண்டு, துண்டு என்று பெரிய துப்பறிவாளர் மாதிரி எழுதியிருக்கிறாய். சட்டை அவருடையதுதான், ஆனால் அந்த வேஷத்துக்குத் துண்டே கிடையாது. உடைகள் பார்க்கிற அம்மா வாங்கி வைத்துக்கொண்டார். இல்லாத துண்டால் எப்படித் தட்டுவார்? களைப்பாக இருந்திருக்கும், உட்கார்ந்தார். வயசானவர் மலை ஏறினால் உட்காரத்தான் செய்வார். அதற்காக நான் கொலைகாரன் ஆகிவிடுவேனா? மூன்று மாதமாக இங்கே நான் நிம்மதியாகத் தூங்குகிறேன் என்று நினைக்கிறாயா?

அப்பாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டிருப்பதால் அப்பா உனக்கு மட்டும் சொந்தம் என்று ஆகிவிடாது. படத்தைத் திருப்பி வை. பார்ப்பதா வேண்டாமா என்று அவர் முடிவு செய்யட்டும்.

தம்பி

ஜூலை 2

தம்பி,

துண்டு இல்லாவிட்டால் கையால் தட்டுவார். ஆஸ்பத்திரியில் சக்கர நாற்காலியில் முதன்முதலாக உட்கார வைக்கும்போது, இரண்டு பேர் அவரைத் தூக்கிப் பிடித்திருக்கையில், நல்ல கையை நீட்டி சீட்டை இரண்டு தட்டு தட்டினார். நர்ஸ் சிரித்துவிட்டார். நீ அப்போது வராந்தாவில் போன் பேசிக்கொண்டிருந்தாய்.

எந்தக் கையால் டீ வாங்கினார் என்று கேட்டேன். மூன்று பாராவில் எல்லாவற்றுக்கும் பதில் எழுதிவிட்டு அதற்கு மட்டும் எழுதவில்லை.

நீ சொன்னபடி படத்தைத் திருப்பி வைத்தேன். எனக்கு மட்டும் சொந்தம் இல்லையே. அப்பா ரொம்ப நேரம் பார்த்தார். நான் விரலை வைத்து, "இதோ நீங்க" என்று காட்டினேன். இல்லை என்று தலையாட்டினார். தன்னைத் தேடவில்லை. படத்துக்கு இந்தப் பக்கம், நான் நிற்கிற இடத்தை, கையால் காட்டிக் காட்டி ஏதோ சொல்கிறார். எனக்குப் பிடிபடவில்லை. அவருக்குக் கோபம் வந்துவிட்டது, அப்புறம் அழுகை வந்துவிட்டது. திரும்பவும் சுவரைப் பார்க்க வைத்துவிட்டேன். உன் படத்தால் மனசு லேசான லட்சணம் இது.

நெஞ்சைத் தட்டி "பெட்டி" என்றும் சொன்னார். சட்டைப் பைக்குள் ஏதாவது பெட்டி வைத்து அனுப்பினார்களா என்று கேட்டேன், ஆமாம் என்று தலையாட்டினார். அது என்ன? சத்தம் பிடிக்கிறதா? பிடித்திருந்தால் அதில் அப்பா என்ன சொல்லியிருக்கிறார்? இவ்வளவு நாளாக அதை ஒருத்தரும் கேட்கவில்லையா? பார்த்தது போதும். உட்கார்ந்து கேள். கேட்டுவிட்டு எனக்கு எழுது. கேட்கத் தைரியம் இல்லாவிட்டால் எழுதவே எழுதாதே.

அக்கா

ஜூலை 13

அக்கா,

இடது கையால்.

டீயை இடது கையால் வாங்கினார். அப்போதே பார்த்தேன். பார்த்தேன், அவ்வளவுதான். வெயில் இறங்குவதற்குள் இன்னொரு ஷாட் இருந்தது.

உன் கடிதம் வந்ததும் உன் மேல் இருந்த எரிச்சலில் சத்தம் பார்ப்பவரிடம் போய்க் கத்தினேன். காலடிச் சத்தத்துக்காக வைத்த ரெக்கார்டர் அது. இவ்வளவு தூரத்து ஷாட்டுக்குச் சத்தம் வேண்டாம், இசை போட்டுக்கொள்ளலாம் என்று முடிவாகிவிட்டது. இருந்தால் கொடுங்கள், இல்லாவிட்டால் இல்லை என்று எழுதிக் கொடுங்கள் என்றேன். அவர், "வேணாம்னு நீங்கதான் சார் சொன்னீங்க. நான் அழிக்கல" என்று எடுத்துக் கொடுத்தார்.

நாலு ஏற்றமும் அதில் இருக்கிறது. மூன்றாவது முடிந்து இறங்கியதும் கீழே நின்ற பையன் கேட்கிறான்: "ஐயா, இன்னொரு தடவை முடியுமா? வேணாம்னா சார்கிட்ட சொல்லிடறேன்." அப்பா சொல்கிறார்: "சொல்லாதப்பா. அவன் வெயில்ல நிக்கிறான் பாரு. சீக்கிரம் முடிஞ்சா அவனும் உட்காருவான்."

நாலாவதில் பேச்சே இல்லை. மூச்சு மட்டும். அந்த மூச்சை நான் உனக்கு எழுத முடியாது. நடுவில் ஒரு சத்தம், கல் சரிகிறது, துணி உரசுகிறது. அங்கேதான் அவர் உட்கார்ந்தார். விழுந்தார். நீ சொன்னதுதான். அதற்கப்புறம் பேசுகிறார். "டேய், நுனியில நிக்காதடா. பின்னாடி போ. பின்னாடி போய் நில்லுடா." இவ்வளவு தூரத்துக்குக் கேட்க வேண்டும் என்றால் கத்த வேண்டாமா? கத்தவில்லை. பக்கத்து நாற்காலியில் இருக்கிறவனிடம் சொல்கிற மாதிரி சொல்கிறார். வாய் குழறிக்கொண்டே வருகிறது. ஷாட் முடிகிற வரைக்கும் சொல்லிக்கொண்டே இருக்கிறார்.

அவர் அந்த வெளியைப் பார்க்கவே இல்லை அக்கா. இவ்வளவு பெரிய பள்ளத்தாக்கை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். அங்கிருந்து நானும் ஒரு புள்ளியாகத்தான் தெரிந்திருப்பேன். அந்தப் புள்ளி எங்கே நிற்கிறது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

இசையை எடுத்துவிட்டு அந்தச் சத்தத்தைப் போட்டு டைரக்டரை உட்கார வைத்தேன். முதலில் என்னை வாய்க்கு வந்தபடி திட்டினார். பாதியில் ஹெட்போனைக் கழற்றிவிட்டு, "இனிமே இதை என்னால பார்க்க முடியாது, தூக்கிடு" என்றார். தூக்கிவிட்டோம். போஸ்டரும் மாறுகிறது. நீ கேட்டது கிடைத்துவிட்டது. சந்தோஷமா?

மன்னிப்புக் கேட்கிற மாதிரி ஒரு வரி எழுதி அடித்துவிட்டேன். உன்னிடம் கேட்டு என்ன ஆகப்போகிறது?

தம்பி

ஜூலை 19

தம்பி,

சந்தோஷம் இல்லை. கோபம் அப்படியே இருக்கிறது. உன் கடிதத்தைப் படித்ததும் இன்னும் ஏறிவிட்டது. இடது கையைப் பார்த்தேன் என்று எழுதியிருக்கிறாயே, அந்த வரியை நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன். நீயும் மறக்காதே.

அந்தப் படத்தைத் தேடாதே. அப்பா படுக்கைக்கு அடியில் கெட்டியான பலகை போடச் சொன்னார் டாக்டர். மாமா உன் படத்தைக் கவிழ்த்துப் போட்டார். ஆறடி, கட்டிலுக்கு அளவெடுத்த மாதிரி இருந்தது. அப்பாவுக்கு இடுப்பு வலி குறைந்திருக்கிறது. நீ அனுப்பினதில் உருப்படியாக நடந்தது அது ஒன்றுதான்.

ரெக்கார்டரில் நீ கேட்டதை அவரிடம் சொன்னேன். "நுனியில நிக்காதன்னு சொன்னீங்களாமே, அவனுக்கு இப்பதான் காது கேட்டுதாம்" என்றேன். "பின்னாடி போயிட்டானா?" என்று கேட்டார். பல நாளைக்கு அப்புறம் முழுசாக வந்த வாக்கியம் அது. போயிட்டான் என்று சொல்லிவிட்டேன். என்னைப் பொய்க்காரி ஆக்கிவிடாதே, வந்து உன்னைக் காட்டிவிட்டுப் போ.

பெரிதாக எதையும் தூக்கிக்கொண்டு வராதே. கைப்பிடிக் கம்பியை இன்னொரு தடவை கழற்ற முடியாது. நான் உன்னோடு பேச மாட்டேன், இப்போதே சொல்லிவிடுகிறேன். சோறு போடுவேன், பேச மாட்டேன். கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் கிடக்கிறது. அதில் உட்கார்ந்தால் முட்டி கட்டிலில் இடிக்கும், அவ்வளவு கிட்ட. தம்பி வருவான் என்று நான் சொன்னதிலிருந்து நல்ல கையால் துண்டை எடுத்து அந்த ஸ்டூலை இரண்டு தட்டு தட்டுகிறார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி தட்டுகிறார்.

அக்கா